தவறான ஐபி முகவரி: பிழை எங்கே நுழைந்தது என்று கண்டறியும் முறை

ஒரு கடைக்காரர் தம் கடையின் சிசிடிவி காட்சிகளை வீட்டிலிருந்து பார்ப்பதற்காகக் கூடுதல் கட்டணம் கட்டி ஸ்டாடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கியிருக்கிறார். இணையச் சேவை தரும் நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளில் அவருடைய பக்கத்தைத் திறந்தால் 203.0.113.45 என்ற முகவரி தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அவர் கடை ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலோ 100.72.18.9 என்று காட்டுகிறது. பெரும்பாலான உதவி மையங்களில் அடுத்து நடப்பது, முகவரியை அழித்துவிட்டு அதையே மறுபடி உள்ளிட்டு, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வதுதான். சில நேரம் அதனால் சரியாகிவிடும். ஆனால் அழித்த அந்த நொடியிலேயே பிழைக்கான தடயமும் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே புகார் வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து வரும்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று இடங்களில் இருப்பதை ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மென்பொருளில் அந்தப் பயனர்பெயருக்கு என்ன முகவரி எழுதப்பட்டிருக்கிறது, ரேடியஸ் சர்வர் (பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, முகவரியை ரூட்டருக்குச் சொல்லும் சர்வர்) கடைசியாக அனுப்பிய ஆக்சஸ்-அக்செப்ட் (அனுமதி) பதிலில் என்ன முகவரி போயிருக்கிறது, பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) இணைப்பை ஏற்கும் நம் நிறுவனத்தின் ரூட்டரில் இப்போது ஓடும் செஷனுக்கு (இணைப்பு அமர்வுக்கு) என்ன முகவரி இருக்கிறது என்பவையே அவை. மைக்ரோடிக் ரூட்டராக இருந்தால் வின்பாக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளில் பிபிபி பகுதியின் ஆக்டிவ் கனெக்‌ஷன்ஸ் பட்டியலில் கடைசித் தகவல் கிடைக்கும். முகவரியோடு செஷன் எண்ணையும் மேக் முகவரியையும் (கருவியின் வன்பொருள் அடையாள எண்) சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது. ஒரே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இரண்டு வீடுகளில் பயன்படுத்தப்படுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

வாடிக்கையாளர் சொல்லும் முகவரி எங்கிருந்து எடுத்தது என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஏதேனும் ஓர் இணையதளத்தில் 'என் ஐபி என்ன' என்று பார்த்துச் சொன்னால், சிஜிநாட் வழியாகச் செல்லும் இணைப்பில் அது பலர் பகிர்ந்துகொள்ளும் பொது முகவரியாகவே இருக்கும். அவருடைய ரூட்டரில் தெரிவது 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எல்லைக்குள் இருந்தால், அது 2012-இல் இத்தகைய பகிர்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. ஸ்டாடிக் ஐபி வாங்காத ஒருவருக்கு இது பிழையே அல்ல; நம் கடைக்காரருக்கு இது பிழை. ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால், அந்தக் கணினிக்கு டிஹெச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி தரும் முறை) பதில் கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். இதற்கும் நம் மென்பொருளுக்கும் தொடர்பில்லை.

மூன்று இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த இரண்டுக்கு நடுவில் முகவரி மாறுகிறது என்பது தெரிந்துவிடும். தேட வேண்டிய பரப்பு அப்போதே பாதியாகக் குறைந்துவிடும்.

மென்பொருளில் சரியாகவும் ரேடியஸ் பதிலில் தவறாகவும் இருந்தால், திரையில் தெரியும் பதிவு ரேடியஸின் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்ந்தும் வேறொரு பதிவு அதை மேவிவிட்டது என்று கொள்ளலாம். ஃப்ரீரேடியஸ் என்ற ரேடியஸ் மென்பொருளில் ஒருவருக்கு மட்டுமான பதில்கள் ஓர் அட்டவணையிலும், அவர் சேர்ந்திருக்கும் திட்டத்துக்கான பதில்கள் இன்னோர் அட்டவணையிலும் இருக்கின்றன. தனிநபர் பதிவு முதலிலும் திட்டத்துக்கான குழுப் பதிவு அடுத்தும் படிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரியிலும் இருக்கும் செயற்குறியைக் கவனிக்காமல் விட்டுவிடுபவர்களே அதிகம். வெறும் சமக்குறி (=), அந்தப் பண்பு (முகவரி போன்ற ஒரு விவரம்) ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் சேர்க்கும். முக்காற்புள்ளியோடு வரும் சமக்குறி (:=), இருப்பதை நீக்கிவிட்டுத் தன்னை வைக்கும். கூட்டல் குறியோடு வருவது (+=), இருப்பதோடு இன்னொன்றையும் சேர்க்கும். திட்டத்தின் வரியில் யாரோ ஒருவர் சோதனைக்காக முக்காற்புள்ளிக் குறியோடு ஒரு முகவரியை எழுதி வைத்து மறந்துவிட்டால், அந்தத் திட்டத்தில் இருக்கும் ஸ்டாடிக் வாடிக்கையாளர் எல்லோருக்கும் அந்த ஒரே முகவரிதான் போகும். பயனர்பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியும் இதே அளவு தொல்லை தரும். திரையில் கண்ணுக்குத் தெரியாது, தரவுத்தளத்திலோ அது வேறொரு பெயர்.

ரேடியஸ் உண்மையில் என்ன அனுப்புகிறது என்பதைப் பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைப் பட்டப்பகலில் நிறுத்தி டீபக் (பிழை தேடும்) முறையில் மறுபடி தொடங்க வேண்டாம். ஃப்ரீரேடியஸோடு வரும் 'ரேட்டீபக்' கருவியில் ஒரே ஒரு பயனர்பெயரைக் கொடுத்தால், சர்வர் ஓடும்போதே அவருக்கு மட்டுமான உரையாடலைக் காட்டும். அதில் ஃபிரேம்டு-ஐபி-அட்ரஸ் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 255.255.255.254 என்று இருந்தால் அது முகவரி அல்ல. 'நீயே ஒன்றைத் தேர்ந்து கொடு' என்று ரூட்டருக்குச் சொல்லும் குறி. ஸ்டாடிக் ஐபி வாங்கியவருக்கு அது போயிருந்தால், அவர் பொதுப் பூலிலிருந்து (எல்லோருக்கும் பங்கிடும் முகவரித் தொகுப்பிலிருந்து) முகவரி பெறுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது.

ரேடியஸ் பதில் சரியாக இருந்தும் நம் ரூட்டரில் வேறு முகவரி நின்றால், முதலில் செஷன் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள். மென்பொருளில் முகவரியை மாற்றிய நேரத்துக்கு முன்பே தொடங்கிய செஷன் பழைய முகவரியோடுதான் ஓடும். 'சேமி' பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் ரூட்டருக்கு டிஸ்கனெக்ட் கட்டளை அனுப்ப வேண்டும். வழக்கமாக அது 3799 என்ற யுடிபி போர்ட்டில் வருகிறது. ரூட்டரில் அந்த வசதி அனுமதிக்கப்படாவிட்டாலோ, நடுவில் இருக்கும் ஃபயர்வால் தடுத்தாலோ, கட்டளை போனதாக மென்பொருள் நினைத்துக்கொள்ளும், செஷன் அப்படியே தொடரும். இரண்டாவதாக, மைக்ரோடிக்கின் பிபிபி சீக்ரெட்ஸ் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரூட்டர் முதலில் தன் சொந்தப் பட்டியலைப் பார்க்கும். அங்கே பெயர் இல்லாதபோதுதான் ரேடியஸைக் கேட்கும். ரேடியஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் கையால் உருவாக்கிய கணக்குகள் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இருவருக்கு ஒரே முகவரி போவது இவற்றைவிடச் சிக்கலானது, ஆபத்தானதும்கூட. எளிய காரணம், ஸ்டாடிக் முகவரி பூலின் எல்லைக்குள் இருப்பது. கடைக்காரர் இரவில் ரூட்டரை அணைத்துவிட்டுப் போனால், பூல் அந்த முகவரியைக் காலி என்று கருதி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். காலையில் அவர் இணையும்போது மோதல் தொடங்கும். ஸ்டாடிக் முகவரிகளுக்குத் தனித் தொகுதியைப் பிரித்து, அதை எந்தப் பூலிலும் சேர்க்காமல் வைப்பது ஒன்றே இதற்குத் தீர்வு. இரண்டு ரூட்டர்களில் ஒரே எல்லையுள்ள பூல் எழுதப்பட்டிருந்தாலும் இதுவே நடக்கும். ஒரு ரூட்டரின் அமைப்பை நகலெடுத்து இன்னொன்றைத் தொடங்கியவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

முகவரிகளை ரேடியஸே தரவுத்தளத்திலிருந்து பங்கிடும் அமைப்பில் இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரீரேடியஸின் ஐபி பூல் தொகுதியில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு காலக்கெடு இருக்கும். இயல்பாக அது 3600 நொடி. ரூட்டர் இடையிடையே அனுப்பும் இன்டரிம் அக்கவுண்டிங் (இணைப்பு தொடர்வதைச் சொல்லும்) தகவல் வரும்போதெல்லாம் அந்தக் கெடு நீள்கிறது. இன்டரிம் இடைவெளி கெடுவைவிட நீளமாக இருந்தாலோ, ரூட்டரில் அது அணைக்கப்பட்டிருந்தாலோ, வாடிக்கையாளர் இணைப்பில் இருக்கும்போதே அவருடைய முகவரி காலியானதாகக் கணக்காகி அடுத்தவருக்குப் போகும். ஆகவே இடைவெளியை 600 நொடி அளவில் வைத்து, காலக்கெடு அதைப்போலப் பல மடங்காக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு தகவல்கள் வழியில் தொலைந்தாலும் முகவரி கைமாறாது.

மின்தடையால் ரூட்டர் விழுந்து எழும் இரவுகளில், செஷன் முடிந்த தகவல் வராமலேயே நூற்றுக்கணக்கான பதிவுகள் திறந்தபடி கிடக்கும். மென்பொருளில் ஒரே முகவரிக்கு நேராக இரண்டு பெயர்கள் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். இந்த வரிகளை மூடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முடிந்த நேரம் என்ற இடத்தில் நீங்கள் மூடும் நேரத்தை எழுதினால், அந்தப் பழைய வாடிக்கையாளர் இன்று பிற்பகல் வரை அந்த முகவரியை வைத்திருந்தார் என்று நீங்களே ஒரு பொய்ப் பதிவை உருவாக்கிவிடுவீர்கள். கடைசி இன்டரிம் தகவல் வந்த நேரத்தையே அங்கே எழுத வேண்டும்.

நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், குறிப்பிட்ட நாளில் இரவு 11.40 மணிக்கு ஒரு பொது முகவரியைப் பயன்படுத்தியவர் யார் என்று காவல்துறையிலிருந்து கடிதம் வந்தது. தரவுத்தளம் யுடிசி (உலகப் பொது) நேரத்தில் இருந்தது. என் சக ஊழியர் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தை நினைக்காமல் 23:40 என்ற நேரத்தைத் தேடி, மறுநாள் விடியற்காலை 5.10 மணிக்கு அந்த முகவரியில் இருந்த ஒரு மாணவரின் பெயரை எடுத்துவிட்டார். பார்க்க வேண்டிய நேரம் 18:10. கடிதம் கையெழுத்தாகும் முன் தற்செயலாக அது என் கண்ணில் பட்டது. இந்தியாவில் செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கருவிகளின் கடிகாரங்களை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாக ஒத்திசைக்கவும் சொல்கிறது. ரூட்டர், ரேடியஸ் சர்வர், மென்பொருள் ஆகிய மூன்றின் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சிஜிநாட் வாடிக்கையாளர் என்றால் போர்ட் எண் (ஒரே பொது முகவரியைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) இல்லாமல் ஒரு பெயரையும் சொல்லாதீர்கள்.

காரணம் தெரிந்தபின் திருத்தும் வரிசை இது: பழைய நிலையின் நகலை எடுத்து வைத்து, மென்பொருளில் மூலப் பதிவைத் திருத்தி, ரேடியஸ் பதிலில் புதிய முகவரி வருகிறதா என்று பார்த்து, அதன்பிறகே செஷனைத் துண்டிக்க வேண்டும். மறுபடி இணைந்ததும் மூன்று இடங்களையும் இன்னொருமுறை ஒப்பிட்டு, திறந்திருக்கும் செஷன்களில் ஒரே முகவரி இருமுறை வருகிறதா என்று தரவுத்தளத்தில் ஒரு தேடல் ஓட்டுங்கள். புகார்ச் சீட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதாமல், எந்த அட்டவணையில் எந்த வரி என்னவாக இருந்தது, யார் எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதையும் எழுதிவிட்டுச் சீட்டை மூடுங்கள்.