பெரிய கிளாசிக்கல் கலெக்‌ஷனுக்கு டேக் போடுறது எப்படி: ஆல்பத்துல இருந்து இல்ல, படைப்புல இருந்து தொடங்குங்க

டேக்னா ஒவ்வொரு மியூசிக் ஃபைலுக்குள்ளயும் எழுதி வெக்குற விவரம்: ஆர்டிஸ்ட், ஆல்பம், டைட்டில். இந்த மூணு ஃபீல்டை நம்பி எழுதின சாஃப்ட்வேர்ல மேற்கத்திய கிளாசிக்கல் சிடி எல்லாம் ரிப் பண்ணி, அதாவது கம்ப்யூட்டர் ஃபைலா மாத்திப் போட்டா கொஞ்ச நாள்லயே எதையும் தேடி எடுக்க முடியாத நிலைமை வந்துடும். ஒரு சிடில பீத்தோவன் ஆர்டிஸ்ட் இடத்துல இருப்பாரு, இன்னொண்ணுல கம்போசர் இடத்துல, மூணாவதுல ஆல்பம் பேருக்குள்ள மட்டும் இருப்பாரு, ஆர்டிஸ்ட்னு பாத்தா ஆர்கெஸ்ட்ரா பேரு நிக்கும். வெறும் அலெக்ரோன்னு மட்டும் பேர் இருக்குற டிராக் நூத்துக்கணக்குல சேர்ந்துடும், எது யாரோடதுன்னு போட்டுக் கேட்டாத்தான் தெரியும்.

இதுக்கு ஒவ்வொரு ஃபைலா திருத்திட்டே போனா முடியவே முடியாது. இந்த இசைல அடிப்படை அலகு படைப்புதான், அதாவது ஒரு சிம்ஃபொனி, ஒரு கன்சர்ட்டோ, ஒரு சொனாட்டா. அதுக்குக் கீழ மூவ்மென்ட், அதாவது அதோட பகுதிகள், மேல கம்போசர், பக்கத்துல இந்த வாசிப்பு யாரோடது எந்த வருஷத்துதுங்கிற விவரம். இதை மனசுல வெச்சுக்கிட்டு டேக்கை அமைச்சா மத்ததெல்லாம் தானா அதது இடத்துல உக்காந்துடும், ஆல்பம்ங்கிறது அந்தப் படைப்பு வந்து சேர்ந்த பெட்டி, அவ்ளோதான்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ஆர்கெஸ்ட்ராவை நடத்துற கண்டக்டர் கராயன், பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட பீத்தோவன் ஒன்பதாவது சிம்ஃபொனியை 1960கள்ல ஒரு தடவை, 70கள்ல ஒரு தடவை, 80கள்ல ஒரு தடவை ரெக்கார்டு பண்ணிருக்காரு, அதுவும் ஒரே லேபிளுக்கு, அதாவது ஒரே ரெக்கார்டு கம்பெனிக்கு. கம்போசர் அதே, படைப்பு அதே, கண்டக்டர் அதே, ஆர்கெஸ்ட்ரா அதே, லேபிளும் அதே. பாடினவங்களை விட்டா, வேற்றுமை ரெக்கார்டு பண்ணின வருஷம் மட்டும்தான். கிளென் கூல்ட் பியானோல வாசிச்ச, பாக்கோட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸும் அப்படித்தான், 1955ல ஒண்ணு 1981ல ஒண்ணு, கேக்குறப்ப ரெண்டும் ரெண்டு உலகம். இதையெல்லாம் பிரிச்சுக் காட்ட முடியாத டேக் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

சரி, எந்த ஃபீல்டுல என்ன போடணும்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, சாஃப்ட்வேரைத் தொறக்குறதுக்கு முன்னாடியே.

கம்போசர் ஃபீல்டுல கம்போசர் மட்டும். ஆர்டிஸ்ட் ஃபீல்டுல வாசிச்சவங்க மட்டும், அதாவது சோலோயிஸ்ட், பாடினவங்க, குழு. கம்போசரை ஆர்டிஸ்ட் இடத்துல போடவே போடாதீங்க. கண்டக்டருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் தனித்தனி ஃபீல்டு இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. ஒர்க் ஃபீல்டுல படைப்போட முழுப் பேரு, மூவ்மென்ட் ஃபீல்டுல மூவ்மென்ட் பேரு, மூவ்மென்ட் நம்பர்ல அதோட வரிசை. ஐட்யூன்ஸ் 2016ல 12.5 வெர்ஷன்லதான் இந்த ஒர்க், மூவ்மென்ட் ரெண்டையும் தனி ஃபீல்டா கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் வேற சில பிளேயரும் படிக்க ஆரம்பிச்சுது. ரூன் மாதிரி சில பிளேயர் ஒர்க், பார்ட்னு வேற பேர்ல எதிர்பாக்கும், அதனால உங்க சாஃப்ட்வேர் எந்தப் பேரைப் படிக்குதுன்னு அதோட கையேட்டுல பாத்துட்டு ஆரம்பிங்க, ஆயிரம் ஃபைலுக்கு அப்புறம் பேரை மாத்துறது வீண் வேலை.

ஒர்க் ஃபீல்டு இருக்கேன்னு டைட்டிலை மொட்டையா விட்டுடாதீங்க. டைட்டில்ல படைப்புப் பேரு, நம்பர், மூவ்மென்ட் எல்லாம் முழுசா இருக்கட்டும், ஏன்னா ஃபோன்லயோ கார்லயோ இருக்குற சாதாரண பிளேயருக்கு ஒர்க்னா என்னன்னே தெரியாது, டைட்டில் ஒண்ணைத்தான் காட்டும். எம்பி3 வெச்சிருக்கவங்க இன்னொண்ணு கவனிக்கணும், எம்பி3ல டேக் எழுதுற முறையான ஐடி3யோட பழைய முதல் வெர்ஷன்ல டைட்டிலுக்கு 30 எழுத்துதான் இடம். பீத்தோவனோட ஐந்தாவது சிம்ஃபொனி, சி மைனர், ஓபஸ்னு ஆங்கிலத்துல சுருக்கி எழுதினாலே 30 தீர்ந்துடும், அதுக்கு அடுத்து வர வேண்டிய 67ங்கிற ஓபஸ் நம்பர், அதாவது படைப்போட வெளியீட்டு வரிசை எண், அப்படியே காணாம போயிடும். அந்தப் பழைய டேக்கை மொத்தமா அழிச்சுட்டு புது வெர்ஷன்ல எழுதுங்க. ரிப் பண்ணப் போறவங்களா இருந்தா தரம் குறையாம சுருக்குற ஃபிளாக் ஃபைல்தான் என் பரிந்துரை, அதுல ஃபீல்டுக்கு நீங்களே பேர் வெச்சுக்கலாம், ஒரே ஃபீல்டை ரெண்டு மூணு தடவை எழுதலாம், நாலு பாடகர் இருந்தா நாலு ஆர்டிஸ்ட். கமா போட்டு ஒரே வரில நாலு பேரை எழுதினா சாஃப்ட்வேர் அதை ஒரே ஆளாத்தான் எடுத்துக்கும்.

வருஷம்தான் எல்லாத்தையும் விட குழப்பும். ஆன்லைன்ல இருந்து தானா வர்ற டேக்குல பெரும்பாலும் அந்த சிடி மறுபதிப்பு வந்த வருஷம் இருக்கும், 1962ல ரெக்கார்டு பண்ணினது 2010கள்ல வந்த மாதிரி காட்டும். ரெக்கார்டிங் வருஷத்துக்குன்னு தனி ஃபீல்டு வெச்சுக்கோங்க, சிடி புக்லெட்ல பொடி எழுத்துல இருக்கும், தேடிப் பாருங்க. கராயன் மாதிரி திரும்பத் திரும்ப ரெக்கார்டு பண்ணவங்களுக்கு அந்த வருஷத்தை ஆல்பம் பேரோட கடைசில சேத்துடுறது நல்லது, பட்டியலைப் பாத்ததுமே புரியும்.

அடுத்தது கேட்டலாக் நம்பர், அதாவது ஒரு கம்போசரோட படைப்புகளைத் தொகுத்த பட்டியல்ல இருக்குற எண், இதுல நான் கொஞ்சம் நின்னு பேசணும். படைப்போட பேரை நம்பவே கூடாது, நம்பரைத்தான் நம்பணும். த்வோர்ஷாக்கோட நியூ வேர்ல்டு சிம்ஃபொனியை இப்ப ஒன்பதாவதுன்னு சொல்றோம், பழைய எல்பி உறைகள்ல ஐந்தாவதுன்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான், ஓபஸ் 95. ஷூபர்ட்டோட முடிவுறாத சிம்ஃபொனி பொதுவா எட்டாவது, ஜெர்மன் வெளியீடு சிலதுல ஏழாவது, ஆனா ஷூபர்ட்டுக்குன்னு இருக்குற டாய்ச் கேட்டலாக்ல எப்பவும் 759தான். பேரை வெச்சுத் தேடினா பாதி தப்பும், நம்பரை வெச்சுத் தேடினா அத்தனையும் வந்து நிக்கும். மோட்சார்ட்டுக்கு 1862ல வந்த கோஹெல் கேட்டலாக், பாக்குக்கு 1950ல ஷ்மீடர் தொகுத்த பி.டபிள்யூ.வி, ஹைடனுக்கு ஹோபோகன், விவால்டிக்கு ரியோம் தொகுத்த ஆர்.வி நம்பர், பீத்தோவனுக்கு ஓபஸ், ஓபஸ் இல்லாததுக்கு டபிள்யூ.ஓ.ஓ.

கம்போசருக்கு ஒரு கேட்டலாக்னு முடிவு பண்ணி அதையே கடைசி வரைக்கும் பிடிச்சுக்கோங்க. விவால்டியோட நான்கு பருவங்களை ஓபஸ் 8ன்னும் சொல்லலாம், தனித்தனியா ஆர்.வி 269, 315, 293, 297ன்னும் சொல்லலாம், நான் ஆர்.வியைத்தான் எடுப்பேன், ஏன்னா அவரோட எத்தனையோ கன்சர்ட்டோவுக்கு ஓபஸே கிடையாது. இந்த நம்பருக்குன்னு தனி ஃபீல்டு ஒண்ணு உருவாக்கி முன்னாடி பூஜ்யம் சேத்து எழுதுங்க, 9ன்னு இல்லாம 009, அப்பத்தான் 550க்கு முன்னாடி வந்து நிக்கும், இல்லன்னா எழுத்து வரிசைல அடுக்குற சாஃப்ட்வேர் 10ஐ 9க்கு முன்னாடி கொண்டு போய் வெச்சுடும். செல்லப் பேரு, அதாவது மூன்லைட், சர்ப்ரைஸ் மாதிரி, ஒர்க் பேரோட கடைசில போடுங்க, நடுவுல சொருகாதீங்க.

பேர் எழுதுற முறைக்கு வருவோம். சைகோவ்ஸ்கி பேரை ஆங்கிலத்துல ஒரு மாதிரி, ஜெர்மன் லேபிள் ஒரு மாதிரி, ஃபிரெஞ்சு லேபிள் இன்னொரு மாதிரி எழுதும், உங்க பட்டியல்ல நாலு சைகோவ்ஸ்கி நிப்பாரு. ஒரு ஸ்பெல்லிங்கை எடுத்துக்கிட்டு எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்க, எது சரின்னு ஆராய்ச்சி பண்ண வேண்டாம், ஒரே மாதிரி இருக்குறதுதான் முக்கியம். வெறும் பாக்னு எழுதாதீங்க, அப்பாவும் இருக்காரு பிள்ளைங்களும் இருக்காங்க. ஸ்ட்ராஸும் அப்படித்தான், யோஹானும் ரிச்சர்டும் உறவே கிடையாது. பாக்குறதுக்கு முழுப் பேரு, வரிசைப்படுத்துற ஃபீல்டுல குடும்பப் பேரு முன்னாடி.

கண்ணுக்கே தெரியாத தொல்லை ஒண்ணும் இருக்கு. த்வோர்ஷாக் பேர்ல எழுத்துக்கு மேல குறி வரும்ல, அதை யூனிகோட்ல ஒரே எழுத்தாவும் வெக்கலாம், எழுத்து தனி குறி தனின்னும் வெக்கலாம். தமிழ்ல கொகரம் ஒரே குறியாவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாவும் வந்து உக்காரலாம், பாக்க ஒண்ணாத்தான் இருக்கும், அதே கதைதான் இங்கயும். ஸ்க்ரீன்ல ரெண்டு பேரும் அச்சு அசலா ஒண்ணா இருந்தும் பட்டியல்ல ரெண்டு தடவை வந்தா இதைச் சந்தேகப்படுங்க, ரெண்டு குழுவையும் மொத்தமா செலக்ட் பண்ணி ஒரு இடத்துல இருந்து காப்பி பண்ணின பேரை எல்லாத்துக்கும் ஒட்டுங்க, சரியாயிடும்.

எந்த சாஃப்ட்வேர்னு கேட்டா, டேக் எழுதுறதுக்கு ஒண்ணு, கேக்குறதுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கோங்க. எழுதுறதுக்கு எம்பி3டேக் அருமையான கருவி, பேருக்குத்தான் எம்பி3, ஃபிளாக்கும் திறக்கும். டைட்டில்ல இருக்குற முக்காற்புள்ளிக்கு முன்னாடி இருக்குறதை ஒர்க்குக்கும் பின்னாடி இருக்குறதை மூவ்மென்ட்டுக்கும் அனுப்புற மாதிரி ஒரு ஆக்‌ஷன் எழுதி வெச்சா ஒரே தடவைல ஒரு பாக்ஸ் செட் முடிஞ்சுடும். தகவலை இழுக்குறதுக்கு மியூசிக்பிரெயின்ஸ் தரவுத்தளமும் அதோட பிகார்டுங்கிற டேக் எழுதுற சாஃப்ட்வேரும். மியூசிக்பிரெயின்ஸ்ல படைப்பு, ரெக்கார்டிங், வெளியீடு மூணும் தனித்தனியா இருக்கு, கிளாசிக்கலுக்கு இதை விடப் பொருத்தமான இலவச மூலம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா ஒண்ணு, அவங்க விதிப்படி கிளாசிக்கல் டிராக்குக்கு ஆர்டிஸ்ட்னா கம்போசர், அப்படியே சேவ் பண்ணினா நாம மேல எழுதின திட்டம் தலைகீழாயிடும். பிகார்ட் செட்டிங்ஸ்ல டிராக் உறவுகளை எடுக்குற ஆப்ஷன் டிக் ஆகியிருக்கான்னு பாருங்க, கண்டக்டரும் வாசிச்சவங்களும் அங்க இருந்துதான் வருவாங்க, அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டு அவங்களை ஆர்டிஸ்ட் இடத்துக்கு மாத்திக்கோங்க.

கேக்குற சாஃப்ட்வேர் எதுவா வேணா இருக்கட்டும், ஆனா உங்க உழைப்பு ஃபைலுக்குள்ள எழுதப்படணும். சில சாஃப்ட்வேர் நீங்க பண்ற திருத்தத்தை அதோட டேட்டாபேஸ்லயே வெச்சுக்கும், ரூன் அப்படித்தான், ஃபைலைத் தொடாது. அது பாதுகாப்புன்னு ஒரு வகைல சொல்லலாம், ஆனா நாளைக்கு வேற சாஃப்ட்வேருக்குப் போனா அத்தனை திருத்தமும் அங்கயே தங்கிடும். அதனால திருத்தம் எல்லாம் டேக் எடிட்டர்ல, பிளேயர்ல கேக்குறது மட்டும்.

பாக்ஸ் செட் பத்தி. 2016ல வந்த மோட்சார்ட் 225 பாக்ஸ்ல 200 சிடி, அதை ஒரே ஆல்பமா போட்டா ஸ்க்ரோல் பண்ணியே விரல் தேயும். தேடுறது ஒர்க் வழியாங்கிறதால ஆல்பத்தை எப்படிப் பிரிச்சாலும் படைப்பு கிடைச்சுடும், ஆனாலும் பாக்ஸ் பேரை தனி ஃபீல்டுல வெச்சுட்டு ஒவ்வொரு சிடியையும் ஒரு ஆல்பமா விடுறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. படைப்பு ரெண்டு சிடில பரவியிருந்தா மட்டும் அந்த ரெண்டையும் ஒரே ஆல்பமாக்கி டிஸ்க் நம்பர் போடுங்க. ஆபராவுக்கு மூவ்மென்ட் இடத்துல அங்கம், காட்சி, பாட்டோட முதல் வரி. பீத்தோவன் ஒன்பதாவதோட கடைசி மூவ்மென்ட்டை சில சிடில அஞ்சாறு டிராக்கா வெட்டியிருப்பாங்க, அத்தனைக்கும் மூவ்மென்ட் நம்பர் 4தான், டிராக் நம்பர் மட்டும் மாறும்.

ஜானர்ல கிளாசிக்கல்னு எழுதுறதுல ஒரு பயனும் இல்ல, எல்லாமே அதுதானே. சிம்ஃபொனி, கன்சர்ட்டோ, சேம்பர், பியானோ, குரல், ஆபரான்னு வடிவத்தை எழுதுங்க, காலகட்டம் வேணும்னா வேற ஃபீல்டு.

வேலை ஆரம்பிக்கிறப்ப பத்து ஆல்பத்தை தனி ஃபோல்டர்ல எடுத்து வெச்சு முழுத் திட்டத்தையும் அதுல ஓட்டிப் பாருங்க, அதுல ஒரு ஆபரா, ஒரு பாக்ஸ் செட் சிடி, ரெண்டு மூணு கம்போசர் கலந்த ரெசிட்டல் கட்டாயம் இருக்கணும், திட்டம் உடையுறதுன்னா அங்கதான் உடையும். பிளேயர்லயும் ஃபோன்லயும் சரியா வருதான்னு பாத்துட்டு மத்ததுக்குப் போங்க, ஆல்பம் வரிசைல போகாம கம்போசர் வரிசைல போங்க, ஒரே கேட்டலாக் பக்கத்துலயே திறந்திருக்கும், ஸ்பெல்லிங்கும் கையோட வரும்.

தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் ஒரு பேக்கப். ஃபிளாக் ஃபைலுக்குள்ள இசைப் பகுதிக்குன்னு எம்டி5 கையொப்பம்னு ஒரு சரிபார்ப்பு எண் இருக்கு, டேக் மாத்தினா அது மாறாது, அதனால வேலை முடிஞ்சதும் ஃபிளாக் கருவியோட டெஸ்ட் ஆப்ஷனை மொத்த ஃபோல்டர் மேலயும் ஓட விட்டு இசைக்கு ஒண்ணும் ஆகலன்னு உறுதி பண்ணிக்கலாம். கவர் படத்தை மட்டும் அளவா வைங்க, ஃபைல்ல டேக்குக்குன்னு விட்டு வெச்சிருக்குற காலி இடத்தைத் தாண்டினா ஃபைல் முழுசும் திரும்ப எழுதப்படும், ஆயிரக்கணக்குல இருக்குறப்ப மணிக்கணக்கா ஓடும்.

அப்புறம் லைப்ரரில மூணு ஃபில்டர் நிரந்தரமா போட்டு வைங்க: கம்போசர் காலியா இருக்குறது, ஒர்க் காலியா இருக்குறது, ரெக்கார்டிங் வருஷம் காலியா இருக்குறது. புதுசா எது உள்ள வந்தாலும் இந்த மூணுலயும் இருந்து வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் அதை மெயின் ஃபோல்டருக்கு நகத்தணும்.