ஹூஸ்டனில் ஏசி வேலை: புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சென்னையிலோ துபாயிலோ தோஹாவிலோ பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, அண்ணனோ அக்காவோ போட்ட ஸ்பான்சரில் கிரீன் கார்டோடு ஹூஸ்டன் வந்து இறங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்1பி வேலை விசாவில் வந்தவர்கள் சிலர் வாரக் கடைசியில் இதைச் செய்து நாலு காசு பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. விசா எந்தக் கம்பெனிக்கு வாங்கியதோ அந்த வேலை மட்டும்தான். எச்1பி-காரரின் கணவனோ மனைவியோ ஆக எச்4 விசாவில் இருந்து வேலை அனுமதி அட்டை வாங்கியவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சம் கிடையாது. மே முதல் செப்டம்பர் முடிய வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அடிக்கும்; 2023 ஆகஸ்டில் 109 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போனது, நம் கணக்கில் கிட்டத்தட்ட 43. வீட்டில் ஏசி நின்றால் ஆட்கள் ஓட்டலுக்குக் குடிபோய்விடுவார்கள். ஆனால் வேலை தெரிந்தால் மட்டும் போதாது, அந்த வேலையை யாருடைய லைசென்ஸின் கீழ் செய்தீர்கள் என்பதுதான் இங்கே கணக்கு.

டெக்சாஸில் இதைக் கட்டி மேய்ப்பது டிடிஎல்ஆர் (TDLR) என்கிற மாநில உரிமத் துறை. முதலில் நீங்கள் டெக்னீஷியனாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தேர்வு கிடையாது, 20 டாலர் கட்டணம், அவ்வளவுதான். அந்தப் பதிவோடு லைசென்ஸ் உள்ள ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை செய்யலாம், தனியாக வேலை பிடிக்க முடியாது. சொந்தமாகக் கான்ட்ராக்டர் ஆக வேண்டுமானால், பொதுவாகக் கடந்த 72 மாதங்களுக்குள் 48 மாதம் லைசென்ஸ் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும், அப்புறம்தான் தேர்வு. கிளாஸ் ஏ, கிளாஸ் பி என்று இரண்டு உண்டு. பி வாங்கினால் 25 டன் வரை குளிரூட்டலாம், மணிக்கு 15 லட்சம் பிடியு (வெப்ப அளவு) வரை வெப்பமூட்டலாம். வீட்டு ஏசி வேலைக்கு அது தாராளம். ஏ-க்கு வரம்பு இல்லை.

அந்த 48 மாதத்தை நிரூபிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் கான்ட்ராக்டர். இங்கேதான் நம் ஆட்கள் பலர் மாட்டுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இருப்பார், "தம்பி, என் கூட வாங்க, கையில காசு தர்றேன்" என்பார், நாமும் ஊர்க்காரர்தானே என்று போய்விடுவோம். அவரிடம் லைசென்ஸே இருக்காது, அல்லது வேறு யாரிடமோ மாதாமாதம் பணம் கொடுத்து அவர்கள் எண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார், அதுவே சட்ட விரோதம். மூன்று வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கையில் ஒரு சம்பளச் சீட்டு இருக்காது, அனுபவம் என்று காட்ட ஒரு மாதம்கூட இருக்காது. அதனால் வேலைக்குச் சேருமுன் அவருடைய எண்ணைக் கேளுங்கள். கிளாஸ் ஏ என்றால் டிஏசிஎல்ஏ (TACLA) என்றும் பி என்றால் டிஏசிஎல்பி (TACLB) என்றும் தொடங்கும், வேனின் இரு பக்கமும் இரண்டு அங்குல உயர எழுத்தில் அது இருக்க வேண்டும் என்பது விதி. டிடிஎல்ஆர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். கேட்டதற்குக் கோபப்படுகிறாரா? நல்லது, அங்கே போகாதீர்கள். முடிந்தவரை டபிள்யூ-2 சம்பளமாகவே, அதாவது வரி பிடித்துக் கணக்கில் காட்டும் ஊழியர் சம்பளமாகவே, வாங்குங்கள்.

இதோடு மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையான ஈபிஏ-வின் 608 சான்றிதழ் தனியாக வேண்டும். ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் லைனில் கை வைக்கவும் அந்த கேஸ் சிலிண்டர் வாங்கவும் அது இல்லாமல் முடியாது. பொதுப் பகுதி ஒன்று, வகைக்கு ஒன்றாக மூன்று. ஒவ்வொன்றிலும் 25 கேள்வி, 18 சரியாக இருந்தால் பாஸ். நாலையும் முடித்தால் யுனிவர்சல், ஆயுளுக்கும் செல்லும். இதை ஊரிலிருந்து வந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், இதை வைத்திருப்பவரின் விண்ணப்பத்தைத்தான் கம்பெனிகள் முதலில் எடுக்கும். ஊரில் வால்வைத் திறந்து புஸ்ஸென்று கேஸை விட்டுவிடும் பழக்கம் இருந்தால் அதை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே அது குற்றம், ரெக்கவரி மெஷின் போட்டு சிலிண்டரில் பிடிக்க வேண்டும்.

கேஸ் விஷயத்தில் நமக்கு ஒரு சாதகமும் உண்டு. 2025 ஜனவரி 1 முதல் ஆர்-410ஏ போட்ட புது வீட்டு ஏசி தயாரிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது, இப்போது வருவதெல்லாம் ஆர்-454பி அல்லது ஆர்-32. கொஞ்சம் தீப்பிடிக்கும் வகை என்பதால் இங்கே பல பழைய ஆட்கள் பயந்து பேசுகிறார்கள். ஆர்-32 நமக்குப் புதிதா என்ன? சென்னையில் கடைசியாக மாட்டிய ஸ்ப்ளிட்டிலேயே அதுதானே இருந்திருக்கும். இந்த வகை சிலிண்டரின் மரை மட்டும் இடப்பக்கமாகத் திரும்பும், பலம் போட்டு முறுக்கி உடைத்துவிடாதீர்கள்.

புதிது என்றால் மற்றதெல்லாம்தான். ஊரில் அறைக்கு ஒன்றரை டன். இங்கே வீட்டுக்கே மூன்று, நாலு, ஐந்து டன்னில் ஒரு மெஷின், டக்ட் வழியாக எல்லா அறைக்கும் காற்று. கூலிங் காயிலோடு சேர்ந்தே இருப்பது எரிவாயுவில் ஓடும் கேஸ் ஃபர்னஸ். ஆமாம், ஹூஸ்டனிலும் ஹீட்டர் உண்டு. 2021 பிப்ரவரியில் உறைபனி அடித்து மின்சாரமும் போய் மாநிலமே நடுங்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வளைகுடாவில் இருபது வருஷம் இருந்தவருக்கும் ஃபர்னஸ் தெரிந்திருக்காது. அதில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும், அது ஆளைக் கொல்லும், ஆகவே யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிற சமாச்சாரம் அல்ல. ஹூஸ்டன் கம்யூனிட்டி காலேஜ், சான் ஜசின்டோ காலேஜ் இரண்டிலும் வகுப்பு இருக்கிறது, ஹீட்டிங் பாடத்தை மட்டுமாவது எடுங்கள். தெர்மோஸ்டாட் ஒயரில் 24 வோல்ட், வெளி யூனிட்டுக்கு இரண்டு லைவ் ஒயர்களுக்கு நடுவில் 240. பாரன்ஹீட், அங்குலம், பவுண்டு, அவுன்ஸ் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

அட்டிக் பழகாது. இங்கே மெஷின் இருப்பது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில், கோடையில் மதியம் அங்கே 130 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வ சாதாரணம். மரச் சட்டங்களுக்கு மேல் பஞ்சு மாதிரி இன்சுலேஷன் கொட்டி மூடியிருக்கும், சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கால் வைத்தால் கால் கீழே படுக்கையறைக்குள் தொங்கும், அந்த சீலிங் செலவு உங்கள் முதலாளியின் தலையில் விழும். தண்ணீர் இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று டெக்சாஸில் மாநிலச் சட்டம் எதுவும் இல்லை, நம் உடம்பை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி வாருங்கள், அட்டிக் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிக்கப் பாருங்கள். "நாங்க பார்க்காத வெயிலா" என்கிற வீரம் வேண்டாம். சென்னை மொட்டை மாடியில் காற்றாவது வரும்.

கோடையில் வரும் அழைப்பில் பாதி, தண்ணீர் வடியும் பைப் அடைப்பும் கெபாசிட்டரும்தான். புழுக்கத்தால் காயிலில் தண்ணீர் ஊற்றும், பைப்பில் பாசி பிடிக்கும், மிதவை சுவிட்ச் தூக்கி மெஷினை நிறுத்திவிடும். கம்ப்ரசர் போய்விட்டது என்று வாடிக்கையாளர் அழுவார், நீங்கள் அந்தப் பைப்பில் வேக்குவம் போட்டு அடைப்பை உறிஞ்சினால் ஓடிவிடும். இன்னொன்று எறும்பு. நிஜமாகத்தான். வெளி யூனிட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்சுக்குள் கூட்டமாகப் புகுந்து செத்துக் கிடக்கும், மெஷின் ஸ்டார்ட் ஆகாது. 2002-இல் பக்கத்து பசடீனாவில் முதலில் கண்டுபிடித்த ஒரு வகை எறும்புக்கு இதே தொழில்.

நம் தமிழ்க் குடும்பங்கள், புறநகரில் கேட்டியிலோ ஷுகர்லேண்டிலோ வீடு வாங்கியவர்கள், "அண்ணே, நாலு டன் எதுக்கு, அஞ்சாவே போட்டுடுங்க, சீக்கிரம் கூல் ஆகட்டும்" என்பார்கள். போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். இந்த ஊரில் பெரிய மெஷின் ஐந்து நிமிஷத்தில் குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது, வீடு ஜில்லென்றும் பிசுபிசுவென்றும் இருக்கும், அப்புறம் பூஞ்சை. வீட்டுக்கு எத்தனை டன் வேண்டும் என்று சொல்லும் மேனுவல் ஜே கணக்குப் போட்டுக் காட்டுங்கள், தாளில் எண் இருந்தால் நம்புவார்கள்.

கான்ட்ராக்டர் ஆனபின் செலவும் கூடும். விண்ணப்பக் கட்டணம் 115 டாலர்தான், ஆனால் காப்பீடு கட்டாயம்: பி-க்கு ஒரு சம்பவத்துக்கு 1,00,000 டாலர், ஏ-க்கு 3,00,000. வருஷம் 8 மணி நேரம் வகுப்பு எடுத்தால்தான் புதுப்பிக்க முடியும். மெஷின் மாற்ற பெர்மிட் வேண்டும், ஹூஸ்டனுக்கு ஒரு அலுவலகம், ஷுகர்லேண்டுக்கு வேறு, பியர்லேண்டுக்கு வேறு. பெர்மிட் வேண்டாம், விலையைக் குறையுங்கள் என்று கேட்கும் வாடிக்கையாளரை விட்டுவிடலாம், இங்கே உள்ள மீனாட்சி கோயிலில் தினம் பார்ப்பவராக இருந்தாலும் சரி.

ஸ்பானிஷ் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், உங்களோடு அட்டிக்கில் ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் அதுதான் தாய்மொழி. டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸ் எடுத்து, அபராதம் எதுவும் வாங்காமல் வைத்திருங்கள், வேன் காப்பீட்டுக்காகக் கம்பெனி அதைத்தான் முதலில் பார்க்கும். வேலை கேட்டு பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். கோடைக்கு ஆள் சேர்ப்பது அப்போதுதான், சொல்லித்தரவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். ஜூலையில் போனாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் முதல் நாளே ஏணியைத் தூக்கச் சொல்லி அட்டிக்குக்கு அனுப்பிவிடுவார்கள்.