இறுக்கம் தளர இசை: எங்கே தவறு செய்கிறோம்?

‘ரிலாக்சிங் மியூசிக்’ என்று தேடி, முதலில் வருவதைப் போட்டுவிட்டுப் படுக்கிறோம். அரை மணி நேரம் ஆகியும் தோள்பட்டை இறுகியே கிடக்கிறது. நமக்கு இசையெல்லாம் ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு, தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

வகையின் பெயரை நம்புவது

கிளாசிக்கல் என்றால் அமைதி, ராப் என்றால் பரபரப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. 2006-இல் ‘ஹார்ட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இசை பயின்ற 12 பேருக்கும் பயிலாத 12 பேருக்கும் இந்திய ராகம், மேற்கத்திய கிளாசிக்கல், ராப், டெக்னோ உள்ளிட்ட 6 வகை இசையைக் கேட்கவைத்தார்கள். வேகமான இசைக்கு மூச்சும் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. எந்த வகை, அது பிடித்ததா பிடிக்காததா என்பதைவிட வேகமே முக்கியமாக இருந்தது. துள்ளலான வயலின் கச்சேரி, நிதானமான ராப் பாடலைவிட உடலை அதிகம் விழிக்கவைக்கலாம்.

எனவே பெயரை விட்டுவிட்டு வேகத்தை எண்ணுங்கள். பாட்டோடு சேர்ந்து காலைத் தட்டி, 15 விநாடியில் விழும் தட்டுகளை நான்கால் பெருக்குங்கள். 60 முதல் 80-க்குள் வந்தால், ஓய்வில் இருக்கும் இதயத்துடிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால் வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. தாளம் விளம்ப காலத்தில் போய்க்கொண்டிருக்கும். மேலே மிருதங்கமோ டிரம்ஸோ நான்கு மடங்கு நெருக்கமாகப் பொழியும். கணக்குப்படி மெதுவான பாட்டுதான், ஆனாலும் காது அந்த நெருக்கத்தோடுதான் ஓடும். தாளமே இல்லாத ஆலாபனையும், நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழலும் இந்த இடத்தில் நன்றாக உதவும்.

வேகம் சரியாக அமைந்தால் மூச்சையும் அதோடு சேர்க்கலாம். 60 வேகத்தில் நான்கு தட்டுக்கு உள்ளிழுத்து, ஆறு தட்டுக்கு வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

இடைவெளியே இல்லாமல் ஓடவிடுவது

அந்த ஆய்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். இசைக்கு நடுவே வைத்த 2 நிமிட மௌனத்தில், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இசை தொடங்குவதற்கு முன்பிருந்த அளவுக்கும் கீழே இறங்கின. இசை பிடித்துவைத்திருந்த கவனம் அந்த மௌனத்தில்தான் அவிழ்கிறது. நாமோ ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும்படி செயலியை அமைத்துவைக்கிறோம். ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, 10 நிமிடம் கேட்டபின் 2 நிமிடம் எதுவும் கேட்காமல் இருந்து பாருங்கள்.

உயிரான பாட்டைப் போடுவது

மெய்சிலிர்க்கவைக்கும் பாட்டு இன்பம் தரும். ஆனால் சிலிர்ப்பின்போது இதயத்துடிப்பு கூடுகிறது. வரிகள் மனப்பாடமான பாட்டென்றால் மனம் கூடவே பாடும். அதோடு ஒட்டிய நினைவுகளும் கிளம்பும். ஓரளவு பழகிய, ஆனால் நெஞ்சை உலுக்காத இசையே இதற்குத் தோது. அமைதியாகத் தொடங்கித் திடீரென ஓங்கி ஒலிக்கும் படைப்புகளையும் தவிருங்கள். எதிர்பாராத சத்தத்துக்கு உடல் திடுக்கிடத்தான் செய்யும். பாட்டுக்கு நடுவில் வந்து விழும் விளம்பரமும் அதே வேலையைச் செய்யும் என்பதால், இசையை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் தாலாட்டு கேட்பது

கொதிப்பில் இருப்பவருக்கு மிக மென்மையான இசை எரிச்சலைத்தான் தரும். இப்போதிருக்கும் மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி, படிப்படியாகத் தணித்துக்கொண்டு வருவதே இசைச் சிகிச்சையாளர்களின் வழி. 110 வேகத்தில் ஒன்று, 90-இல் ஒன்று, 70-இல் இரண்டு என்று அடுக்கினால் போதும். உரத்த மெட்டல் இசையை விரும்பிக் கேட்பவர்களுக்குக் கோபத்தில் அதுவே தணிவு தந்ததாக, 2015-இல் வெளியான ஒரு ஆஸ்திரேலிய ஆய்வும் சொல்கிறது. அந்த இசை பழகாதவர்கள் இதை முயல வேண்டாம்.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது

பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்.

தூங்கும்வரை சினிமாப் பாட்டு

விளக்கணைத்த பிறகும் ஒரே வரி மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் தொல்லை பலருக்கும் தெரிந்ததுதான். வரிகள் இல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பிரபலமான பாட்டின் கருவியிசை வடிவம் அசல் பாட்டைவிட அதிகமாக மண்டைக்குள் சுற்றுகிறது என்று 2021-இல் ஓர் அமெரிக்க ஆய்வில் தெரியவந்தது. விட்டுப்போன வரிகளை மூளை தானே நிரப்ப முயல்கிறது போலும். அதனால் தூங்கும் நேரத்துக்கு மட்டும், பழகிய இசையை விட்டுவிட்டு, முன்பின் கேட்டிராத, முணுமுணுக்க மெட்டு சிக்காத இசையாகப் பாருங்கள். படுக்கைக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே கேட்டு முடித்துவிடுவது இன்னும் நல்லது. படுத்துக்கொண்டுதான் கேட்பேன் என்றால் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு, அறையின் மறுகோடியில் ஸ்பீக்கரை வைத்து, 20 நிமிடத்தில் தானே அணையும்படி டைமர் போடுங்கள்.