'பர்ஸ்யூ': துரத்துவதா, நாடுவதா?

ஆங்கிலத்தின் 'பர்ஸ்யூ' என்ற வினைச்சொல்லுக்கு 'துரத்து' என்ற ஒரே பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வாக்கியம் அமைக்கத் தொடங்கினால் விரைவில் இடறிவிடுவோம். நாய் பூனையைத் துரத்துவதற்கும், கிரிக்கெட்டில் இரண்டாவதாக ஆடும் அணி இலக்கை விரட்டுவதற்கும் வழக்கில் உள்ள சொல் 'சேஸ்' என்பதே. காவலர் திருடனை 'பர்ஸ்யூ' செய்ததாக எழுதலாம் என்றாலும், அங்கும் வேகத்தைவிட விடாப்பிடியே மேலோங்கி நிற்கிறது.

ஆகவே, எழுதுமுன் அந்த இடத்தில் 'விடாமல் மேற்கொள்' என்ற தமிழ்த்தொடரை வைத்துப் பாருங்கள். படிப்பு, தொழில், கொள்கை, இழப்பீட்டுக் கோரிக்கை ஆகியவற்றுக்கு அது பொருந்தும், 'பர்ஸ்யூ'வும் பொருந்தும். வழக்குத் தொடுப்பதைக் குறிக்கும் 'ப்ராஸிக்யூட்' என்ற சொல்லும், 'பர்ஸ்யூ'வைப் போலவே, 'பின்தொடர்' எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பதையும், நாமும் வழக்கைத் 'தொடர்கிறோம்' என்றே சொல்வதையும் நினைவில் கொண்டால் பொருள் எளிதில் மறக்காது.

'பின்னால்' என்ற நம் சொல்லின் பழக்கத்தால் பலர் 'பர்ஸ்யூ ஆஃப்டர்' என்று எழுதிவிடுகிறார்கள். இவ்வினை செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும்; 'பர்ஸ்யூ எ கரியர்' என்பதே சரி. பெயர்ச்சொல்லாகும்போது மட்டும் 'இன் பர்ஸ்யூட் ஆஃப்' என்று 'ஆஃப்' வந்து சேரும். தன்விவரக் குறிப்பில் 'பர்ஸ்யூயிங் பி.காம்.' என்று எழுதுவது பிழையன்று; ஆனால் பட்டம் பெற்ற பின்னும் அதை மாற்றாமல் விட்டால், இன்னும் படித்துக்கொண்டிருப்பதாகவே பொருள்படும். பேச்சில் 'ஐ ஆம் டூயிங் பி.காம்.' என்பதே இயல்பாக ஒலிக்கும் என்பது என் கருத்து. கவனமாகப் படிப்பதைக் குறிக்கும் 'பெரூஸ்' என்ற சொல்லோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'பர்ஸ்யூட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு இடத்தைப் பொறுத்து 'நாட்டம்' என்பது அழகாகப் பொருந்துகிறது. 1776-ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் உயிர், சுதந்திரம் ஆகியவற்றோடு 'பர்ஸ்யூட் ஆஃப் ஹேப்பினஸ்' என்பதையும் பறிக்கமுடியாத உரிமையாகச் சொல்கிறது. அங்கே உரிமையாகக் கூறப்படுவது மகிழ்ச்சி அன்று, அதை நாடிச் செல்வதே. பன்மையில் 'பர்ஸ்யூட்ஸ்' என்றால் ஓய்வுநேர ஈடுபாடுகளையும் குறிக்கும்.

உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழவேண்டும். பிரிட்டனில் 'ஸ்யூ' என்று பரவலாக ஒலிப்பதை அமெரிக்கர்கள் 'ஸூ' என்பார்கள்.