பண்ணை மாளிகையில் தொடங்காதீர்கள்

ஜெர்மனியில் ஏதாவது ஒரு சின்னஞ்சிறு கிராமத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் பண்ணை மாளிகையின் வாசலில்தான் போய் நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பிராண்டன்பர்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்க்கிறேன். விடுமுறை நாள்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போவேன். பன்னிரண்டு ஆண்டுகளாகப் போய்வந்ததில் ஒன்று புரிந்தது. மாளிகையின் கதையை யாராவது ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார்கள்: கட்டியவர் யார், எந்த ஆண்டு, எந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்தார் என்பது வரை. அந்த வீட்டுக்கு விறகு பிளந்தவரும் பால் கறந்தவரும் யார் என்பது மட்டும் அதில் இருக்காது. கிராமம் என்பது அவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடிக்கும் வழியை, எனக்குத் தெரிந்த பிராண்டன்பர்க் வட்டாரத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தேவாலயத்துக்குப் போங்கள். பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதியிருப்பார்கள். சாவி வைத்திருப்பவரே பாதி வரலாற்றையும் வைத்திருப்பார் என்பதால் அவசரப்படாமல் பேசுங்கள். உள்ளே போகுமுன் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். வயலில் கிடந்த பாறைக் கற்களைச் சதுரமாகச் செதுக்கி, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம். செதுக்காத உருட்டுக் கற்களைக் காரையில் பதித்திருந்தால் பிற்காலத்தது. உள்ளே பலிபீடத்தருகே, தனிக் கூண்டுபோல் உயர்த்திக் கட்டிய இருக்கை சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. பண்ணையார் குடும்பம் உட்கார்ந்த இடம் அது. ஊர்த் தேவாலயத்தின் புரவலரும் அவரே. போதகரை நியமிக்கும் உரிமையும் அவருக்கே இருந்தது. அந்த இருக்கையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், பெஞ்சுகள் எல்லாம் தெரியும். பிறகு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அங்கிருந்து பாருங்கள். இந்த ஊரில் யார் யாரைப் பார்த்தபடி வாழ்ந்தார்கள் என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

ஊரின் வயதை அறிய, பேரரசர் நான்காம் கார்ல் 1375இல் எடுக்கச் சொன்ன நிலப் பதிவேட்டில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் எத்தனை ஹூஃப (ஒரு குடியானவர் குடும்பத்துக்கான பழைய நில அளவு) நிலம், அதில் போதகருக்கு எவ்வளவு, வரி யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பிராண்டன்பர்க்கின் பல கிராமங்களை ஆவணத்தில் அடையாளம் காண இது நல்ல தொடக்கம்.

அடுத்தது ஆவணக் காப்பகம். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பிராண்டன்பர்க் அன்று பிரஷ்ய அரசின் பகுதி. பிரஷ்யாவில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று குடியானவர்களின் கிராமம், அதாவது கெமைண்ட. மற்றொன்று பண்ணையாரின் எல்லை, கூட்ஸ்பெட்சிர்க். பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தாலும் ஒரு வீடு இதிலும் மறு வீடு அதிலும் இருக்கும். பண்ணை எல்லைக்குள் ஊர்ச்சபை கிடையாது. பண்ணையாரே அங்கு நிர்வாகம். 1849 வரை நீதி வழங்கும் அதிகாரமும் பண்ணையாரிடம் இருந்தது. 1927 டிசம்பரில் வந்த சட்டம்தான் இந்தப் பண்ணை எல்லைகளைக் கலைத்து ஊராட்சிகளோடு சேர்த்தது. ஆகவே 1928க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கும்போது, ஊர்ப் பெயரை இரண்டு முறை தேடுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்த ஊரில் கூலியாட்களே இல்லை’ என்ற முடிவுக்கு நான் ஒருமுறை வந்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் மற்றப் பட்டியலில் இருந்தார்கள்.

பண்ணைக் குடும்பங்களின் பழைய கணக்குகளும் ஒப்பந்தங்களும் பொட்ஸ்டாம் நகரின் கோல்ம் பகுதியில் உள்ள மாநிலத் தலைமை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. போகுமுன் இணையத்தில் அட்டவணையைப் பார்த்து, கட்டு எண்ணைக் குறித்து, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பண்ணைக் கணக்கேட்டில் நான் முதலில் பார்ப்பது கூலிப் பக்கங்களைத்தான். அறுவடை மாதத்தில் பெயர்கள் பெருகும், பனிக்காலத்தில் சுருங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஒரு வீட்டின் பசி தெரியும்.

இதைவிடவும் பெரிய புதையல் தேவாலயப் பதிவேடு. முப்பதாண்டுப் போரில் (1618–1648) எரிந்தவை போக, பல ஊர்களில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்துதான் கிடைக்கும். பிராட்டஸ்டன்ட் பதிவேடுகள் பல, ஆர்கியோன் என்ற தளத்தில் கட்டணத்துக்குப் படிக்கக் கிடைக்கின்றன. பிரஷ்யாவில் அரசுப் பதிவு 1874 அக்டோபர் 1இல் தொடங்கியது. அதில் பிறப்புக்கு 110 ஆண்டு, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆண்டு கழிந்தால்தான் பொதுவாகப் பார்க்க விடுவார்கள். ஆகையால் இறப்புப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போவதே எளிது.

எழுத்து உங்களைப் பயமுறுத்தும். குரெண்ட் என்ற பழைய கையெழுத்து முறை அது. அதில் ‘எ’ ஒலிக்கான எழுத்து ‘ன்’ ஒலிக்கான எழுத்தைப் போலவே இருக்கும். ‘உ’வையும் ‘ன்’னையும் பிரித்துக் காட்டுவது மேலே போட்ட சிறு வளைவு மட்டும்தான். கண்ணால் படித்து இதைக் கற்க முடியாது, கையால்தான் கற்க முடியும். நிப் பேனா ஒன்று வாங்கி, இரவுப் பணி முடிந்த காலைகளில் அந்த எழுத்துகளை இரண்டு மாதம் எழுதிப் பழகினேன். ஒருநாள் பக்கத்தைத் திறந்தபோது ‘கெபோரன்’ என்ற சொல், பிறந்தது என்று பொருள், தானாக எழுந்து வந்தது. 1870களின் பக்கங்களில் தொடங்கி, ஏற்கெனவே தெரிந்த குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் தொழிலைத் தவறவிடாதீர்கள். ஹூஃப்னர் என்றால் முழு நிலமுள்ள குடியானவர். கொசேட் என்றால் குடிசையும் துண்டு நிலமும் உள்ளவர். டாகெலோனர் தினக்கூலி. ஐன்லீகர் சொந்த வீடில்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருப்பவர். ஒரே குடும்பத்தை மூன்று தலைமுறை தொடர்ந்து பாருங்கள். தாத்தா கொசேட், மகன் டாகெலோனர், பேரன் ஐன்லீகர் என்று இறங்கி வந்தால், 1811ஆம் ஆண்டை நினைவில் கொள்ளுங்கள். 1807 அக்டோபர் அரசாணை குடியானவர்களைப் பரம்பரை அடிமைத்தளையிலிருந்து விடுவித்தது. ஆனால் 1811 ஆணைப்படி நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள, பரம்பரை உரிமையுள்ளவர் தம் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், அந்த உரிமை இல்லாதவர் பாதியையும் பண்ணையாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விடுதலை கிடைத்தது, பண்ணையும் பெருத்தது. பதிவேட்டின் தொழில் பத்தியில் இதைக் கண்ணால் காணலாம். ஞானப் பெற்றோர் பத்தியையும் பாருங்கள். கூலியாளின் குழந்தைக்குப் பண்ணையார் மனைவி ஞானத்தாயாக வந்திருந்தால், அந்த வீட்டுக்கும் மாளிகைக்கும் ஏதோ ஒரு நெருக்கம் இருந்தது. சமையற்கட்டாக இருக்கலாம், தொட்டிலாகவும் இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு மாளிகைக்குப் போங்கள். நான் எல்லோரையும் போகச் சொல்வது ரெக்கான். பிராண்டன்பர்க் நகருக்குத் தெற்கே, பிளானெ ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். 18ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணையாராக இருந்தவர் ஃப்ரீட்ரிஷ் எபெர்ஹார்ட் ஃபான் ரோஹோ. போரில் காயம்பட்டுப் படையிலிருந்து விலகி ஊருக்கு வந்தவர். 1770களின் தொடக்கத்தில் விளைச்சல் பொய்த்தது, நோய் பரவியது. தம் செலவில் மருத்துவரை வைத்தும் மக்கள் மருந்தைத் தொடாமல் மந்திரவாதிகளிடம் ஓடியது அவரை வதைத்தது. மேசையில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய சிங்கம் ஒன்றை வரைந்தார். அறியாமையில் கட்டுண்ட குடியானவர்தான் அந்தச் சிங்கம். பக்கத்தில் ஒரு சுண்டெலியையும் வரைந்தார். வலையைக் கடிக்கும் அந்த எலி தாமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

1773இல் ரெக்கானில் புதிய பள்ளிக்கூடம் திறந்தார். ஊர்ப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், கட்டணமில்லாமல் படித்தார்கள். 1776இல் கிராமப் பள்ளிகளுக்கென்றே அவர் எழுதிய ‘குழந்தைகளின் நண்பன்’ ஜெர்மன் நாடெங்கும் பாடநூலாகப் பரவியது. ஆசிரியராக வந்தவர் ஹைன்ரிஷ் யூலியுஸ் புரூன்ஸ். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் அவர்தான். பள்ளியைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்தெல்லாம் ஆள்கள் வந்தார்கள். 1794இல் புரூன்ஸ் இறந்தபோது, பண்ணையார் தம் பூங்காவிலேயே அவருக்கு நினைவுக்கல் நிறுத்தினார். அதில் பட்டமோ குலப்பெருமையோ இல்லை. ‘அவர் ஓர் ஆசிரியர்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது.

பள்ளிக்கூடக் கட்டடமும் மாளிகையும் இப்போது அருங்காட்சியகங்கள். இரண்டுக்கும் நடுவே நடந்து பாருங்கள், சில நிமிட நடைதான். சம்பளம் வாங்கிய ஒருவரின் பெயர் பண்ணைப் பூங்காவில் கல்லில் நிற்பதை இந்த வட்டாரத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் மற்ற ஊர்களின் பெயரில்லாத ஆசிரியர்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் அவர்கள் கோடைக்கு ஆடு மேய்த்தும் துணி தைத்தும் பிழைத்தவர்கள். அவர்களைத் தேவாலயச் சம்பளக் கணக்கில் தேடுங்கள். தானியமாகவும் விறகாகவும் கொடுத்தது எழுதியிருக்கும்.

பண்ணைகளின் காலம் 1945 இலையுதிர் காலத்தோடு முடிந்தது. போருக்குப் பின் சோவியத் படை ஆண்ட கிழக்குப் பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருந்தவர்களிடமிருந்து இழப்பீடின்றி எடுத்து, கூலியாட்களுக்கும் அகதிகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1947இல் அந்தப் புதுக் குடியானவர்களுக்கு வீடு கட்ட உத்தரவு வந்தது. செங்கல் எங்கிருந்து வரும்? பல ஊர்களில் மாளிகையை இடித்தே எடுத்தார்கள். மாளிகை இருந்த இடம் வெறும் புல்வெளியாக இருந்தால், ஊரோரத்தில் வீடும் கொட்டிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் சிறு வீடுகளைத் தேடுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கலைப் பார்த்தால், மாளிகை எங்கே போனது என்று தெரிந்துவிடும். 1960 வசந்தத்துக்குள் அந்தத் துண்டு நிலங்களும் கூட்டுறவுப் பண்ணைகளுக்குள் போய்விட்டன. ஊருக்கு வெளியே தெரியும் நீண்ட மாட்டுக்கொட்டகைகள் அந்தக் காலத்தவை.

இந்தக் காலகட்டத்துக்குக் காகிதத்தைவிட ஆள்களே நல்ல சாட்சி, அவர்களுக்கோ வயதாகிவிட்டது. எப்படிக் கேட்பது என்பதை என் பராமரிப்பில் இருந்த ஒரு மூதாட்டியிடம் கற்றேன். இன்று பெரும்பாலும் போலந்தில் உள்ள சிலேசியாவிலிருந்து ஏழு வயதில் தாயோடு ஓடிவந்தவர். ‘போர் முடிந்தபோது எப்படி இருந்தது?’ என்று கேட்டபோதெல்லாம் ‘கஷ்டம்தான்’ என்பார், அதோடு சரி. ஒருநாள் தலை வாரிவிடும்போது, ‘அந்த மாளிகையில் நீங்கள் எந்த அறையில் படுத்தீர்கள்?’ என்று கேட்டேன். உடனே கை நீட்டிப் பேனாவைக் கேட்டார். உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் மாடிப்படி, நடைக்கூடம், அறைகள் எல்லாம் வரைந்தார். ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம். நடனக்கூடத்தைப் போர்வை கட்டி நான்காகப் பிரித்திருந்தார்கள். அடுப்புக்குழாயை ஜன்னல் வழியே வெளியே விட்டிருந்தார்கள். அவர்கள் இடம் ஜன்னலோரம், வலப்பக்கம் இரண்டாவது.

ஆகவே பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த அறை, எந்தப் பம்பு, பால் எங்கே வாங்கினீர்கள், யாருடைய காலணி என்று கேளுங்கள். சொல்வதை அன்றைக்கே தேதி போட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் ஒரு பிரதியை ஊரின் குறிப்பாளரிடம் கொடுங்கள்; பல கிராமங்களில் ஊதியமின்றி இந்தப் பணியைச் செய்பவர் ஒருவர் இருப்பார்.

அந்த வரைபடத்தோடு அந்த மாளிகைக்குப் போனேன். கூடத்தில் தடுப்புகள் இல்லை, சுவர் புதுச் சுண்ணாம்பில் வெளுத்திருந்தது. வலப்பக்கம் இரண்டாவது ஜன்னலின் மேல்மூலையில் மட்டும், கண்ணாடிக்குப் பதிலாகத் தகரம் அடித்து, நடுவில் குழாய் அளவுக்கு வட்டமாக ஒட்டுப்போட்டிருந்தது.