படப்புத்தகம் வாங்கும்முன் எறும்பின் காலை எண்ணுங்கள்

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பிள்ளைக்கு விலங்குப் படப்புத்தகம் எடுக்கும்போது அட்டையின் பளபளப்பில் மயங்க வேண்டாம். நேரே பூச்சிப் பக்கத்தைத் திருப்புங்கள். எறும்புக்கு ஆறு கால். ஆறும் நடுவிலுள்ள மார்புப் பகுதியிலிருந்துதான் கிளம்பும். வயிற்றிலிருந்து கால் முளைத்திருந்தால், வரைந்தவர் எறும்பைக் கிட்டத்தில் பார்க்கவே இல்லை என்று பொருள். சிலந்திக்கு எட்டு, எட்டும் உடலின் முன்பாதியில்.

அடுத்து யானை. காது தோளை மறைக்கிறதா, துதிக்கை நுனியில் விரல்போல் இரண்டு இருக்கிறதா? அது ஆப்பிரிக்க யானை. நம்மூர் யானைக்குக் காது சிறிது, நுனியில் ஒன்றுதான். ஆப்பிரிக்க யானைப் படத்தின் கீழே 'முதுமலை' என்று எழுதியிருந்தால் புத்தகத்தை வைத்துவிடுங்கள். பென்குயினும் பனிக்கரடியும் ஒரே பனிப்பாறையில் நின்றாலும் அப்படித்தான். கரடி வடதுருவத்தது, பென்குயின் தெற்கே.

மூன்று நான்கு வயதுக்குப் பக்கத்துக்கு ஒரு விலங்கு, இரண்டு வரி போதும். தவளையும் மாடும் ஒரே உயரத்தில் இருந்தால் குழந்தை அப்படியே நம்பிவிடும். பக்கத்தில் ஒரு கையோ தீப்பெட்டியோ வரைந்து அளவு காட்டும் புத்தகம் நல்லது.

விலை கூடுதலா? புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் முதலில் புரட்டவிடுங்கள். பிள்ளை மறுபடி மறுபடி எடுப்பதை மட்டும் வாங்கலாம்.