பள்ளி மேலாண்மைக் குழுக்கள் பெற்றோரின் நம்பிக்கையை இழப்பது எங்கே?

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில் வகுத்துள்ளது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோராக இருந்தனர்; தலைவர் பொறுப்பும் பெற்றோருக்கே தரப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் பெற்றோர் ஒதுங்கி நிற்கிறார்கள் என்றால், கூட்டம் நடத்தப்படும் முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுக் கையொப்பத்துக்கு மட்டும் ஆள் கூப்பிடுவதுதான் பெருந்தவறு. பதிவேட்டில் பக்கம் முழுவதும் நிரம்பியிருக்கும். அடியில் வரிசை எண்களுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கும். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் சட்டப்படி இக்குழுவின் வேலைகள் என்பதையே அறியாமல் கையொப்பமிட்டுச் செல்லும் உறுப்பினர், ஊரில் நாலு பேரிடம் பள்ளியைப் பற்றி என்ன சொல்வார்? எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால், தீர்மானத்தை உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது. மாணவியர் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று ஒரு தாய் சொல்கிறார்; ‘ஆவன செய்யப்படும்’ என்று பதிவாகிறது; அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சே எழுவதில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவரும் வருவதில்லை. போன மாதக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்து, எது முடிந்தது, எது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டே கூட்டத்தைத் தொடங்கலாம். பணம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லலாம். வீட்டுச் செலவை இழுத்துப் பிடித்து நடத்துகிறவர்களுக்கு அது புரியாததல்ல.

வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் வர முடியாது. வந்த பணமும் செலவும் அறிவிப்புப் பலகையில் இல்லாவிட்டால் சந்தேகம் தானாக வளரும்.

தலைவி நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்து பேசுவதைக் கண்டும் காணாமல் விடுவதும் தவறே. அவரைப் பார்வையாளர் வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வியைத் தலைவியிடமே தலைமை ஆசிரியர் கேட்க வேண்டும். முதல் இரண்டு கூட்டங்களில் பதில் வரச் சற்று நேரமாகலாம்.